நான்கு வாரம் குறைந்த நாவல்

பிடித்த புத்தகங்கள் எவை என்று கேட்டு வருகிறவர்களுக்கு என் பதில் பிடிப்பதில்லை. பெரிய பெயர்களை எதிர்பார்த்து வருகிறார்கள். நான் மூன்று புத்தகங்களைச் சொல்வேன். ஒன்று, பைண்டு செய்த ஒரு தொடர்கதை. இரண்டாவது, மனசுக்கு வரும் நோய்களைப் பற்றி ஒரு டாக்டர் எழுதிய ஒல்லிப் புத்தகம். மூன்றாவது, அட்டை போன ஒரு சட்டப் புத்தகம். மூன்றிலும் அப்படியொன்றும் இலக்கியம் கிடையாது. ஆனால் இவை இல்லாவிட்டால் என் அக்கா எங்கே இருந்திருப்பாள் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

எழுபதுகளில் ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் ஐந்து வீடுகள் சேர்ந்து ஐந்து வாரப் பத்திரிகைகள் வாங்கின. வீட்டுக்கு ஒன்று. இன்று எங்கள் வீட்டில் இருப்பது நாளை எதிர் வீட்டுக்குப் போகும். இப்படிச் சுற்றிவிட்டு, வாங்கினவர் வீட்டுக்கே வாரக் கடைசியில் குழம்புக் கறையோடு திரும்பி வரும். தொடர்கதையைக் கிழித்து எடுத்துக்கொள்ளும் உரிமை வாங்கின வீட்டுக்கு மட்டும்தான். இதில் தகராறு வந்து இரண்டு வீடுகள் ஒரு ஆடி மாதம் முழுக்கப் பேசிக்கொள்ளாமல் இருந்ததுண்டு. கதை முடிந்ததும் பக்கங்களை வரிசையாக அடுக்கித் தெப்பக்குளம் பக்கத்தில் இருந்த பைண்டரிடம் கொடுத்தால், காலிகோ துணி ஒட்டிப் புத்தகமாக்கித் தருவார். கதைக்கு நடுவில் பல்பொடி விளம்பரம் வரும், பாதி ஜோக் வரும், கத்திரிக்காய் கொத்சு செய்முறையின் பின்பாதி வரும். முன்பாதி வேறு எந்தப் பக்கத்திலோ போய்விட்டிருக்கும். அந்தக் கொத்சுவை எங்கள் வீட்டில் யாரும் செய்ததில்லை.

நான் சொல்லும் தொடர்கதை ஒரு விதவையைப் பற்றியது. நிலத்துக்காகக் கொழுந்தன் அவளை அடிக்கிறான், வீட்டுக்குள் அடைத்துப் போடுகிறான். அவள் தப்பி வந்து கோர்ட்டில் வழக்குப் போடுகிறாள். தெருவே அதைப் படித்தது. வியாழக்கிழமை பத்திரிகை வந்தால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத்தான் உட்காருவாள். நான் அப்போது திருச்சியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் கல்லூரியில் முதல் வருடம். ஓடிக்கொண்டே படிப்பேன், பாதி மனசில் நிற்காது. அக்கா அப்போது இங்கே இல்லை. கல்யாணமாகிக் கரூர்ப் பக்கம் ஓர் ஊரில் இருந்தாள். வீட்டுக்கு வந்த மருமகளுக்குப் பத்திரிகை எதற்கு என்று கேட்கிற குடும்பம் அது.

ஊருக்குள் வெள்ளம் வந்த வருடத்துக்கு அடுத்த வருடம், வைகாசியில் ஒரு மத்தியானம், அந்த வீட்டு ஆள் ஒருவர் அக்காவைக் கொண்டுவந்து வாசலில் விட்டார். “கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டும்னு சொன்னாங்க” என்றார். காபி கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அக்கா பேசவில்லை. கேட்டதற்கு ஆம், இல்லை என்பாள், அவ்வளவுதான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். எந்தக் கதவையும் தாழ்ப்பாள் போட விடமாட்டாள். குளிக்கப் போனால் கதவு ஒருக்களித்தபடி இருக்கும், அம்மா வெளியே காவல் நிற்பாள். என்ன நடந்தது என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக அவளுக்கு என்ன வந்திருக்கிறது என்று ஊரே பெயர் வைத்தது. நரம்புத் தளர்ச்சி என்றார்கள், காத்து கருப்பு என்றார்கள், பிள்ளை உண்டாகாத ஏக்கம் என்றார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் நானும்தான் கேட்கவில்லை. இதை எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் தொடர்கதை முடிந்தது. ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, எதையும் வரிசைப்படி செய்கிறவர், கிழித்துச் சேர்த்த பக்கங்களை எடுத்து வைத்து, “பைண்டிங் கொடுத்துடும்மா, அக்காவுக்கும் பொழுது போகும்” என்றார். அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

“அந்தக் கோர்ட்டுல கூண்டுல நிக்கிற எடத்தையெல்லாம் எடுத்துடுடி.”

“ஏம்மா? அதுதானே கதையே.”

“அவ படிச்சா மனசு இன்னும் கெட்டுப்போயிடும். சொன்னதைச் செய்.”

நான்கு வாரங்களை உருவினேன். அவை வெந்நீர் அடுப்புக்குப் போயின. பைண்டர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, “நாலு வாரம் காணுமேம்மா” என்றார். “அந்த வாரம் புக்கு வரலைங்க” என்றேன். “நாலு வாரமுமா வரலை?” என்று மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். நான் தெப்பக்குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவர் அப்படியே தைத்துக் கொடுத்தார்.

அக்காவை முசிறி போகிற வழியில் இருக்கும் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போவது என்று முடிவானது. மனசு சரியில்லாதவர்களை அங்கே ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், தங்கவைப்பது வழக்கம். காவிரியில் குளித்து, பூஜை நேரத்தில் சந்நிதியில் நிற்க வேண்டும், முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். அப்பா சம்பந்தி வீட்டுக்குக் கடிதம் எழுதினார்: மண்டலம் முடிகிற அன்று வந்தால் அக்காவை நல்லபடியாக அழைத்துப் போகலாம் என்று. அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. நாற்பத்தெட்டு நாள் முடிந்தால் அவள் மறுபடி அந்த வீட்டுக்குப் போக வேண்டும், அதுதான் ஏற்பாடு.

அம்மாவும் அக்காவும் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முசிறி பஸ் பிடித்து, துணிமணியும் ஊறுகாயும் எடுத்துப் போவேன். அந்த இடம் அக்காவுக்குப் பிடித்திருந்தது. அங்கே யாரும் யாரையும் உற்றுப் பார்க்கவில்லை. ஒருவர் தனக்குத் தானே பேசுவார், ஒரு அம்மாள் நாள் முழுக்க அழுவாள், பக்கத்தில் இருப்பவர்கள் பாட்டுக்குக் கீரை ஆய்வார்கள். “இங்க நல்லாருக்கற மாதிரி நடிக்க வேணாம்” என்றாள் அக்கா. மூன்றாவது வாரத்தில் அவள் சொன்ன நீளமான வாக்கியம் அதுதான். நான் பைண்டு புத்தகத்தை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு போனபோது அக்கா படித்துறையில் எனக்காகக் காத்திருந்தாள். அம்மா அறையில் உலை வைத்துக்கொண்டிருந்தாள். அக்கா புத்தகத்தை மடியில் விரித்து வைத்து ஒரு இடத்தைக் காட்டினாள். வாரப் பத்திரிகைத் தொடரில் ஒவ்வொரு வாரமும் தலைப்புக்குக் கீழே கட்டம் கட்டி முன்கதைச் சுருக்கம் போடுவார்கள் இல்லையா? நான் கிழித்ததெல்லாம் கதையைத்தான். கிழித்ததற்கு அடுத்த வாரத்தின் தலையில் அந்தக் கட்டம் அப்படியே இருந்தது. அந்த விதவை சாட்சிக் கூண்டில் இரண்டு நாள் வாய் திறக்காமல் நின்றதும், மூன்றாம் நாள் எல்லாவற்றையும் சொன்னதும் நாலு வரியில் அதில் இருந்தன. இத்தனை வருடம் தொடர்கதை படித்த வீட்டில் எனக்கும் அம்மாவுக்கும் இது தோன்றவில்லை. யானையை மறைத்துவிட்டு வாலை வெளியே விட்ட கதைதான்.

“நடுவுல யாரு கிழிச்சது?” என்றாள் அக்கா.

“நான்தான்” என்றேன். அம்மா சொல்லித்தான் என்று சொல்லவில்லை. அந்த மட்டும் எனக்குப் புத்தி இருந்தது.

“நீ படிச்சிருப்பியே. மூணாம் நாள் அவ என்ன சொன்னா?”

எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அக்கா மூன்று மாதத்தில் முதல் முறையாக ஒன்றைக் கேட்கிறாள், மறந்துபோச்சு என்று சொல்ல மனசு வரவில்லை. அள்ளி விட்டேன். தெய்வம் இருக்கிறது என்றாள், தர்மம் ஜெயிக்கும் என்றாள், கொழுந்தனைப் பார்த்து நீ மனுஷனா என்று கேட்டாள் என்றெல்லாம் சொன்னேன். கைதட்டல் கூடச் சேர்த்தேன்.

அக்கா கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். “அப்படிச் சொல்லியிருக்க மாட்டா.”

“பின்ன?”

“அடைச்சு வெச்சாங்கன்னு மட்டும் சொன்னா போதாதுல்ல. எங்க, எத்தன நாள்னு சொல்லியிருப்பா. நெல்லு மூட்டை போட்டு வெக்கிற ரூமுன்னு சொல்லியிருப்பா. ஜன்னல் கிடையாது. மொத தடவ ஒரு ராத்திரி. காபில சக்கரை ஜாஸ்தின்னு. அப்புறம் ரெண்டு நாளு, மூணு நாளு. கடைசித் தடவ எத்தன நாளுன்னு அவளுக்கே தெரியாது. ஏன் கத்தலைன்னு கேப்பாங்க. கத்தினா தெருவுக்குக் கேக்கும், தெருவுக்குக் கேட்டா அப்பாவுக்குத் தலைகுனிவுன்னு நெனச்சேன்னு சொல்லியிருப்பா. நான் அழற சத்தம் கேக்கக் கூடாதுன்னு அவர் ரேடியோவைச் சத்தமா வெப்பாருன்னு சொல்லியிருப்பா.”

அவள், அவள் என்று ஆரம்பித்தது எந்த இடத்தில் நான் என்று ஆனது என்பது அக்காவுக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆற்றைப் பார்த்துக்கொண்டு, கடைச் சாமான் பட்டியல் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள். நான் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லி முடித்துவிட்டு, “பசிக்குதுடி” என்று எழுந்தாள்.

நாற்பத்தெட்டாம் நாள் டாக்ஸியில் வந்தார்கள். அக்காவின் புருஷன், மாமனார், மாமியார். தட்டில் பழம், பட்டுப் புடவை. அக்கா எல்லார் முன்னாலும், “அப்பா, நான் போகல. என்னை நெல்லு ரூம்ல போட்டுப் பூட்டினாங்க” என்றாள்.

மாமியாருக்கு முகமே மாறவில்லை. அப்பாவிடம் திரும்பி, “பாத்தீங்களா, இன்னும் தெளியல” என்றாள்.

எனக்குச் சுரீர் என்றது. அக்காவுக்கு மனசு சரியில்லை என்று ஊருக்குச் சொன்னவர்கள் நாங்கள். இனி அவள் எதைச் சொன்னாலும் அது நோய்தான். அவள் வாயை எங்கள் கையாலேயே அடைத்திருந்தோம். அம்மா வாசற்படியிலிருந்து உள்ளே நகர்ந்துவிட்டாள். அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, “தெளியலைன்னா இன்னொரு மண்டலம் இருக்கட்டுங்க” என்றார். நேராக மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர், ஃபைலை மறுபடி மேஜைக்கு அனுப்புகிற மாதிரி அவர்களை அனுப்பினார். அன்று அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த இரண்டாவது மண்டலத்தில்தான் டாக்டரின் புத்தகம் வந்தது. கல்லூரி லைப்ரரியில் மனோதத்துவ அடுக்கில் கிடைத்தது. அதை எடுக்கவே எனக்குப் பயம், ஹாஸ்டல் பெண்கள் பார்த்தால் கதை கட்டுவார்கள். பிரவுன் பேப்பர் அட்டை போட்டு மேலே ‘பொருளாதாரம்’ என்று எழுதினேன். பெரிய அடி வாங்கின பிறகு, ஆபத்து போனாலும் உடம்பு அதை நம்ப நாளாகும் என்று அந்த டாக்டர் விளக்கியிருந்தார். உட்கார்ந்து தூங்குவது, கதவைக் கண்டு பயப்படுவது, பேச்சு நின்றுபோவது எல்லாம் அதில் இருந்தன. அது பைத்தியம் இல்லை, ஆகும் நாளைக் கொடுத்து, சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால் ஆறும் என்று இருந்தது. எங்கள் வீட்டைப் பார்த்து எழுதியதைப் போல இருந்தது எனக்கு.

அப்பாவிடம் கொடுத்தேன். ஆபீசுக்கு எடுத்துப் போய்ப் பத்து நாள் படித்தார். திரும்பி வந்தபோது ஒவ்வொரு பத்திக்கும் பென்சிலில் ஒரு டிக் இருந்தது, ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ‘பார்த்தேன்’ என்று எழுதித் தேதியோடு இனிஷியல். லைப்ரரி புத்தகம்! லைப்ரரியில் இருந்த சிஸ்டர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது யாரு, ஆடிட்டரா?” என்று கேட்டார். புதுப் பிரதி வாங்கிக் கொடுத்துவிட்டு அதை நானே வைத்துக்கொண்டேன். கடைசிப் பக்கத்தில் அப்பா, ‘தவறு நம்முடையது’ என்று ஒரு வரி எழுதியிருந்தார். வாயால் ஒருநாளும் அவர் அதைச் சொன்னதில்லை.

அக்காவை வீட்டுக்கு அழைத்து வந்தோம். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு வக்கீலைப் பார்த்தோம். கிறிஸ்தவர், மெதுவாகப் பேசுவார். விவாகரத்து கேட்கலாம் என்றார். ஆனால் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒன்று சொன்னார்.

“கோயில்ல வெச்சிருந்தீங்கல்ல, அதையே எடுத்து அடிப்பாங்க. மனசு சரியில்லாத பொண்ணு கற்பனை பண்ணிச் சொல்லுதும்பாங்க. அதுக்கு முன்னாடியே, அந்த வீட்டுல இருந்தப்பவே, இவங்க யார்கிட்டயாவது இதைச் சொல்லியிருந்தா, அவங்க வந்து சாட்சி சொன்னா, கேஸ் நிக்கும். யார்கிட்டயாவது சொன்னீங்களாம்மா?”

அக்கா, “இல்லைங்க” என்றாள். நாங்கள் நால்வரும் எழுந்து வந்தோம்.

வழக்கு இரண்டரை வருடம் நடந்தது, இழுத்தது என்பதுதான் சரி. வாய்தா மேல் வாய்தா. அந்த இடைவெளியில் அக்கா டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு, துவாக்குடியில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். வக்கீல் ஆபீசில் மூலையில் கிடந்த சட்டப் புத்தகம் ஒன்றைக் கேட்டு வாங்கி பஸ்ஸில் போக வரப் படித்தாள். அதுதான் என் மூன்றாவது புத்தகம். சாமானிய ஜனங்களுக்காகத் தமிழில் எழுதியது. கொடுமை என்றால் சட்டத்தில் என்ன பொருள் என்று ஒரு அத்தியாயம். அடித்தால்தான் கொடுமை என்றில்லை, மனசை நொறுக்கினாலும் கொடுமைதான் என்று அதில் படித்துவிட்டு அக்கா என்னை எழுப்பி வாசித்துக் காட்டினாள். தனக்கு நடந்ததற்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்பதில் அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி.

அந்த மாதிரி வழக்குகளை அறையைச் சாத்திக்கொண்டு விசாரிப்பார்கள். தாழ்ப்பாள் மட்டும் வேண்டாம் என்று அக்கா முதல் நாளே கேட்டுக்கொண்டாளாம். அவளைக் கூண்டில் ஏற்றி இரண்டு நாள் குறுக்கு விசாரணை செய்தார்கள். எல்லாவற்றையும் சொன்னாள். எல்லாவற்றுக்கும் எதிர்த் தரப்பு வக்கீலிடம் ஒரே பதில்தான் இருந்தது: நாற்பத்தெட்டு நாள், அதன் மேல் இன்னொரு நாற்பத்தெட்டு நாள். எங்கள் வக்கீல் ஒவ்வொரு வாய்தாவிலும் அக்காவைக் கேட்டுக்கொண்டே இருந்தார், அந்த நேரத்தில் யார்கிட்டயாவது சொன்னீங்களா, ஒரு கார்டாவது போட்டீங்களா என்று. அக்காவும் இல்லை இல்லை என்றே சொன்னாள். கேஸ் தோற்கும் என்று அவர் அப்பாவிடம் தனியாகச் சொல்லிவிட்டார்.

அடுத்த வாய்தா அன்று காலையில் அம்மா தலை வாரி, வெளுத்த புடவை கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அதுவரை கோர்ட்டுப் பக்கமே வராதவள். “நானும் வரேன். வக்கீல்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றாள். என்ன என்று அப்பா கேட்பதற்குள் படியிறங்கி நடந்தாள். வக்கீல் அறையில் அம்மா அவரிடம் ஐந்து நிமிடம் பேசினாள். அவர் அவசர அவசரமாக ஒரு மனு எழுதினார். மத்தியானம் அம்மாவைக் கூண்டில் ஏற்றினார்கள். நானும் அப்பாவும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம்.

தீர்ப்பு மூன்று மாதம் கழித்து வந்தது, அக்கா பக்கம்தான் வந்தது. ஆனால் என் மனசில் நிற்பது அம்மா கூண்டேறிய அன்று சாயங்காலம் திரும்பி வந்த ஒண்ணாம் நம்பர் பஸ். அப்பா பின்னால் நின்றார். அம்மா முன்னால் ஒரு சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே நடந்ததை அக்கா என் காதில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அக்கா அந்த வீட்டிலிருந்து அம்மாவுக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதியிருக்கிறாள். கோயிலுக்கெல்லாம் ஒரு வருடம் முன்பு. பூட்டி வைக்கிறார்கள், அழைத்துப் போ என்று. அம்மா அதை அப்பாவிடம் காட்டவில்லை. அனுசரித்துப் போ என்று பதில் எழுதிவிட்டுக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டாள். கூண்டில் நின்று அதைத்தான் சொன்னாள். எதிர்த் தரப்பு வக்கீல், கடிதம் எங்கே என்று கேட்டாராம். கிழித்துவிட்டேன், ஆனால் ஒரு வரிகூட மறக்கவில்லை என்று முழுக்க ஒப்பித்தாளாம். மனசு சரியில்லாத பெண் எழுதினதை நம்பலாமா என்று அவர் கேட்டதற்கு, அம்மா ஜட்ஜைப் பார்த்துச் சொன்னாளாம்:

“அவ மனசு அன்னிக்கு நல்லாத்தாங்க இருந்துச்சு. எனக்குத்தான் சரியில்ல. பொண்ணு இப்படி எழுதியிருக்கா, அதைப் படிச்சிட்டு, கொழம்பு ருசியா இருக்குன்னு ரெண்டாந்தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.”

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது.

“உனக்குத் தெரியும்ல, லெட்டர் போட்டது” என்றேன். “ரெண்டரை வருஷமா வக்கீல் கெஞ்சினாரே, ஏன்டி சொல்லல? அன்னிக்கே ஜெயிச்சிருக்கலாமே?”

“ஜெயிச்சிருக்கலாம்” என்றாள் அக்கா. “சம்மன் அனுப்பி அம்மாவை இழுத்துட்டு வந்து நிறுத்தியிருப்பாங்க. கேஸ் நின்னிருக்கும். எனக்கு அம்மா இல்லாமப் போயிருப்பா.”

நான் பஸ்ஸிலேயே அழுதேன்.